குருத்தணுவும் நரம்பு நோயும்

தேயிலை மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைகளைச் சிறிது நேரம் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே முடிகின்றன, முற்றிய இலை எங்கே தொடங்குகின்றது என்பதை அவளுடைய விரல் நுனிகள் கண்ணைக் கேளாமலே அறிந்து கொள்கின்றன. விரல்கள் கிள்ளுகின்றன; கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகச் சென்று முதுகிலே தொங்கும் கூடைக்குள் விழுகின்றது. கால்களோ, மழையில் நனைந்து வழுக்கும் சரிவிலே, கல்லையும் வேரையும் தடவி இடம் தேடிக் கொள்கின்றன. இத்தனை வேலைக்கும் கட்டளை மூளையிலே பிறக்கின்றது. அக்கட்டளையைக் கைக்கும் காலுக்கும் கொண்டு செல்வனவும், கையும் காலும் உணர்ந்ததை மூளைக்குத் திருப்பிக் கொண்டு வருவனவும் நரம்புகளே. அந்த நரம்புகள் பழுதுற்றால் மலை ஏறுவதும் இல்லை. கூடை நிறைவதும் இல்லை.

உடப்புசல்லாவையை அண்டிய தோட்டமொன்றில் வாழும் 28 வயதுப் பெண் ஒருத்தியை மனத்திலே நிறுத்திக் கொள்வோம். அவள் குறிப்பிட்ட ஒருத்தி அல்லள். எந்த லயத்திலும் இருக்கக் கூடியவள். ஒரு நாள் காலையில் அவளுடைய வலக் கண்ணிலே பனி படர்ந்தது போல் ஒரு மங்கல் தோன்றுகின்றது. கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கின்றது. சில கிழமைகளில் மங்கல் தானாகவே நீங்கி விடுகின்றது. அவளும் அதை மறந்து விடுகின்றாள். ஓராண்டு கழிந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகின்றது; பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கின்றது. கொழுந்தின் நிறை குறைகின்றது. நிறை குறைந்தால் அரைப் பேர்தானே! சோம்பல் என்று சொல்வார் சிலர். உச்சிப் பொழுதில் ஆகாத இடத்தைக் கடந்து விட்டாள் என்று சொல்வார் வேறு சிலர். கோயிலிலே கயிறு மந்திரித்துக் கட்டப்படுகின்றது. நோய் தணிகின்றது, தணிந்தது கயிற்றினால் என்று வீட்டார் மகிழ்கின்றனர். ஆறு மாதம் சென்று மறுபடியும் கால் இழுக்கின்றது.

இறுதியில் ராகலையும் கந்தப்பளையும் கடந்து நுவரெலியா வைத்தியசாலைக்கும், அங்கிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் அவளை அழைத்துச் செல்கின்றனர். எம். ஆர். ஐ. என்னும் காந்தப் படம் எடுக்கப்படுகின்றது. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று வைத்தியர் நோய்க்குப் பெயர் சொல்கின்றார். கொழும்பில் கடையிலே வேலை செய்யும் தம்பி அன்றிரவே தன் கைத்தொலைபேசியில் அந்தப் பெயரைத் தேடுகின்றான். குருத்தணு ஊசி போட்டால் படுத்தவரும் எழுந்து நடப்பார் என்று ஒரு விளம்பரம் அவன் கண்ணிலே படுகின்றது. செலவோ பல இலட்சம் ரூபாய். காதிலே கிடக்கும் தோட்டை அடகு வைக்கலாமா, தகப்பனாருடைய சேமலாப நிதிப் பணத்தைத் தொடலாமா என்று குடும்பம் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றது. "அக்கா எழும்பி நடந்தால் போதும்" என்கின்றான் தம்பி.

அந்த விளம்பரம் சொல்வது உண்மையா? இன்றைய பேச்சு இக்கேள்வியைப் பற்றியதே. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் இதற்கு விடை கூறுதல் இயலாது. குருத்தணு என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன. ஒன்று, முப்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு, தக்கவர்களுக்கு நற்பயன் தந்த கடுமையான சிகிச்சை. மற்றொன்று, நோயாளரின் ஏக்கத்தை முதலாக வைத்து நடத்தப்படும் வாணிபம். இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், நோயின் இயல்பை முதலிலே அறிதல் வேண்டும்.

மின்சாரக் கம்பியின் மேலே இறப்பர் உறை இருப்பதை யாவரும் அறிவர். உறை கிழிந்தால் மின்சாரம் கசியும், விளக்கு மினுங்கும், சில வேளை அணைந்தும் போகும். நரம்பு இழைக்கும் அத்தகைய உறை ஒன்று உண்டு. கொழுப்புச் செறிந்த அவ்வுறையை மயலின் கவசம் என்பர். அதன் துணையினாலேதான் செய்திகள் நரம்பின் வழியே மிக விரைவாகச் செல்கின்றன. இந்நோயிலே, மூளையிலும் முண்ணாணிலும் கண்ணிலிருந்து செல்லும் நரம்பிலும் அக்கவசம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதைகின்றது. சிதைந்த இடம் ஆறும்போது தழும்பு விழுகின்றது. பல இடங்களில் தழும்பு என்பதே மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற பெயரின் பொருள். தழும்பு எங்கே விழுகின்றதோ அதற்கேற்பக் குறியும் மாறும். கண் நரம்பிலே விழுந்தால் பார்வை மங்கும். முண்ணாணிலே விழுந்தால் கால் தளரும், சிறுநீரை அடக்குதல் அரிதாகும். சிறுமூளையிலே விழுந்தால் நடை தள்ளாடும். பலருக்குக் கழுத்தைக் குனியும்போது முதுகு வழியே மின்சாரம் பாய்ந்தாற் போன்ற உணர்ச்சி ஏற்படும். காரணம் தெரியாத பெருங்களைப்பு பெரும்பாலோருக்கு உண்டு. அக்களைப்பையே பிறர் சோம்பல் என்று பிழையாக எண்ணுகின்றனர்.

உடல் சூடேறும்போது இக்குறிகள் மிகும் என்பதை ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர் 1890 ஆம் ஆண்டிலே எடுத்துக் காட்டினார். காலையிலே ஒழுங்காக நடந்தவர் வெயிலிலே உழைத்த பின் தள்ளாடுவது நடிப்பன்று. சூடேறினால் உறையிழந்த நரம்பு செய்தியைக் கடத்த மாட்டாது தடுமாறுகின்றது. உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும்.

நோய் புதியதன்று. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பேரரான ஓகஸ்டஸ் டெஸ்டே என்பவர் 1822 ஆம் ஆண்டில் உறவினர் ஒருவரைக் காண ஸ்கொட்லாந்து சென்று, அவருடைய இறுதிச் சடங்கிலே கலந்து கொள்ள நேர்ந்த பின்னர், கண் மங்கி, தமக்கு வந்த கடிதங்களைப் பிறரைக் கொண்டு படிக்கச் செய்ய வேண்டியவரானார். பார்வை திரும்பியது, பின்னர் வேறு வேறு குறிகள் வந்தும் போயும் அவரை நலியச் செய்தன. 1848 இல் அவர் இறந்தார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு இந்நோயின் போக்கை நோயாளரே பதிந்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. 1868 இல் பாரிஸ் நகரத்துச் சல்பெத்ரியேர் வைத்தியசாலையிலே பணியாற்றிய ஷார்க்கோ என்னும் பேராசிரியர், இறந்தோரின் மூளையிலே கண்ட தழும்புகளையும் அவர்கள் வாழ்ந்த காலத்திலே காட்டிய குறிகளையும் பொருத்திப் பார்த்து, இது தனியொரு நோய் என நிலைநாட்டினார்.

இன்று உலகிலே ஏறத்தாழ 29 இலட்சம் மக்கள் இந்நோயுடன் வாழ்கின்றனர். நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நாடுகளில் இது அருகியும், வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுந்தும் காணப்படுகின்றது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையிலே தொடங்குகின்றது. ஆண்களிலும் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. நம் நாட்டில் அரிது என்பது உண்மையே. ஆயினும், அரிதாக இருப்பதனாலேயே அது பிந்தி அறியப்படுகின்றது என்பதும் உண்மை.

கவசத்தைச் சிதைப்பது யார்? வெளியிலிருந்து வந்த பகைவன் அல்லன், வீட்டுக் காவற்காரனே. உடலிலே புகும் கிருமிகளை எதிர்ப்பதற்காக அமைந்த வெண்குருதிக் கலங்களுள் சில, தம்முடைய மயலின் கவசத்தையே பகை என மயங்கித் தாக்குகின்றன. இம்மயக்கத்துக்குப் பரம்பரைக் கூறுகளும் சூழ்நிலைக் கூறுகளும் காரணமாகின்றன. 2022 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் குறிப்புகளை ஆராய்ந்து, எப்ஸ்டீன் பார் என்னும் வைரசு தொற்றிய பின்னர் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு பெருகுகின்றது எனக் கண்டனர். அவ்வைரசோ உலக மக்களுள் மிகப் பெரும்பாலோரைத் தொற்றுவது. அவர்களுள் மிகச் சிலருக்கே இந்நோய் வருகின்றது. ஆகவே அது காரணங்களுள் ஒன்றே. முழுக் காரணம் அன்று. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. செய்வினையும் அன்று, எவருடைய பாவத்தின் பயனும் அன்று. இதை லயத்திலுள்ள ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

காவற்காரன் மயங்கிவிட்டான் என்றால் அவனை அடக்குவதற்கு வழி தேடுவது இயல்பு. 1993 இல் இன்டர்ஃபெரோன் என்னும் மருந்து அமெரிக்காவிலே முதன்முதலாக இந்நோய்க்கென அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னர் மேலும் வலிமையுள்ள மருந்துகள் பல வந்தன. அவை மீள் தாக்குதல்களைக் குறைக்கின்றன. ஆயினும் சிலருக்கு எம்மருந்தும் போதியதாக அமைவதில்லை. மருந்து தொடரும்போதே புதிய தழும்புகள் விழுகின்றன. அத்தகையோருக்காக எழுந்ததே குருத்தணுச் சிகிச்சை.

குருத்தணு என்பது என்ன? உடலிலே தோல், தசை, குருதி என வெவ்வேறு தொழிலுக்கு வெவ்வேறு கலங்கள் உண்டு. இவ்வாறு தொழில் ஏற்பதற்கு முன்னைய நிலையிலிருந்து, தன்னைத் தானே பெருக்கவும், பல்வகைக் கலங்களாக மாறவும் வல்ல கலமே குருத்தணு. எலும்பின் உள்ளே உள்ள மச்சையிலே குருதிக் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. செங்குருதிக் கலமும் வெண்குருதிக் கலமும் அவற்றிலிருந்தே நாள்தோறும் பிறக்கின்றன. கனடா நாட்டின் டொரொண்டோ நகரத்து அறிஞர்களான டில், மக்கலக் ஆகிய இருவரும் 1961 இல் எலிகளைக் கொண்டு இதனை மெய்ப்பித்தனர். அதற்கு முன்பே, 1957 இல், டொனல் தோமஸ் என்ற அமெரிக்க வைத்தியர் ஒருவருடைய மச்சையை மற்றொருவருக்கு ஏற்றும் முயற்சியைத் தொடங்கியிருந்தார். குருதிப் புற்றுநோய்க்கு அது சிகிச்சையாக வளர்ந்தது. 1990 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தியாவில் 1983 இல் மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையிலும், 1986 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் மச்சை மாற்றம் தொடங்கியது. இலங்கையிலும் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோயுடைய பிள்ளைகளுக்கு அது செய்யப்பட்டிருக்கின்றது.

குருதி நோய்க்குரிய அம்முறையை நரம்பு நோய்க்கு ஏன் பயன்படுத்த வேண்டும்? நரம்பைத் தாக்குவது குருதியிலே ஓடும் வெண்கலம் அன்றோ! மயங்கிய வெண்கலங்களை அழித்துவிட்டு, குருத்தணுவிலிருந்து புதிய வெண்கலங்களைத் தோற்றுவித்தால் என்ன? கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரிலே பாசாஸ் என்பவரின் தலைமையில் வைத்தியர்கள் 1995 இல் இவ்வழியை முதன்முதலாக இந்நோயாளரிடத்தே கையாண்டனர். 15 பேருக்குச் செய்ததன் விவரத்தை 1997 இல் வெளியிட்டனர்.

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இம்முறையை விளக்குதல் எளிது. கவ்வாத்து வெட்டுவதை அவர்கள் அறிவர். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தேயிலைச் செடியின் கிளைகளை எல்லாம் கத்தியால் வெட்டிவிடுகின்றனர். பச்சை மலை ஒரே நாளில் மொட்டை மலையாகின்றது. பார்ப்பவருக்குச் செடி செத்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் சில கிழமைகள் சென்றதும் வெட்டிய கொம்புகளிலே சிறு குருத்துகள் வெடிக்கின்றன. புதிய கொழுந்து எழுகின்றது. வெண்குருதிக் கலங்களுக்குச் செய்யப்படும் கவ்வாத்து என்றே இச்சிகிச்சையைக் கூறலாம்.

அதன் படிகள் நான்கு. முதலாவதாக, மருந்து கொடுத்து மச்சையிலுள்ள குருத்தணுக்களைக் குருதி ஓட்டத்துக்குள் வரச் செய்கின்றனர். இரண்டாவதாக, குருதியை இயந்திரம் ஒன்றினூடே செலுத்தி, குருத்தணுக்களைப் பிரித்தெடுத்துக் கடுங்குளிரிலே உறைய வைக்கின்றனர். மூன்றாவதாக, புற்றுநோய்க்குக் கொடுக்கும் கடுமையான மருந்துகளைச் சில நாட்கள் செலுத்தி, பழைய நிர்ப்பீடனத் தொகுதியை ஒடுக்குகின்றனர். நான்காவதாக, எடுத்து வைத்த குருத்தணுக்களை அதே நோயாளரின் நாளத்தினூடே மீண்டும் ஏற்றுகின்றனர். கலங்கள் அவருடையனவே, பிறர் கொடுக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ இரண்டு கிழமைகளில் அவை மச்சையிலே வேரூன்றிப் புதிய குருதியைத் தரத் தொடங்குகின்றன. அந்த இரண்டு கிழமைகளும் ஆபத்தானவை. எதிர்ப்புச் சக்தி அறவே இல்லாத அந்நாட்களில் சாதாரணக் கிருமியும் உயிரைக் கொல்லும். ஆதலால் நோயாளர் தனியறையிலே காக்கப்படுகின்றார். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும், தலைமயிர் உதிரும். குழந்தைப் பருவத்திலே போட்ட தடுப்பூசிகளைப் பின்னர் மறுபடியும் போட வேண்டியிருக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு முன்னதாகவே நின்று, பிள்ளைப் பேறு இல்லாது போகவும் கூடும். மணமாகாத பெண்ணிடமும், பிள்ளையை எதிர்நோக்கும் தாயிடமும் இதனைத் தொடக்கத்திலேயே சொல்வது வைத்தியரின் கடமை.

இனிப் பயனை நோக்குவோம். கனடா நாட்டில், நோய் மிக விரைந்து முற்றிய 24 பேருக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. 2016 இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒருவர் சிகிச்சையின் விளைவாகவே இறந்தார். ஏனைய 23 பேருள் ஒருவருக்கும் அதன் பின்னர் மீள் தாக்குதல் வரவில்லை. காந்தப் படத்திலே புதிய தழும்பும் காணப்படவில்லை. எனினும் அவர்களுள் சிலருக்கு நோயின் நலிவு மெல்ல மெல்ல வளர்ந்தது. 2019 இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அமெரிக்கா, பிரித்தானியா, சுவீடன், பிரேசில் ஆகிய நான்கு நாடுகளிலே 110 பேரைக் கொண்டு நடத்தப்பட்டது. அவர்களைத் திருவுளச் சீட்டு முறையால் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குக் குருத்தணுச் சிகிச்சையும், மறு பாதியினருக்கு வழக்கமான மருந்தும் கொடுத்தனர். மருந்து பெற்றவர்களுள் 34 பேருக்கு நோய் முற்றியது; குருத்தணு பெற்றவர்களுள் 3 பேருக்கு மட்டுமே முற்றியது. எவரும் இறக்கவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் இன்றுள்ள மிக வலிமையான மருந்துகள் சில அந்த ஒப்பீட்டிலே சேர்க்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது. அம்மருந்துகளோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனைகள் பின்னர் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் தொடங்கப்பட்டன.

ஆபத்தின் அளவு என்ன? 1995 முதல் 2006 வரை 13 நாடுகளிலே சிகிச்சை பெற்ற 281 பேரின் விவரம் 2017 இல் வெளியிடப்பட்டது. அவர்களுள் 8 பேர் நூறு நாட்களுக்குள் இறந்திருந்தனர். அதே ஆண்டில் 764 பேரின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தோர், 2005 க்கு முன்னர் நூற்றுக்கு மூவருக்கு மேலாக இருந்த இறப்பு, அதன் பின்னர் ஆயிரத்துக்கு மூவர் என்ற அளவுக்குக் குறைந்தது எனக் கண்டனர். தேர்ந்த நிலையங்களிலே, தக்க நோயாளரைத் தேர்ந்தெடுத்துச் செய்ததனாலேயே இம்முன்னேற்றம் கிட்டியது.

தக்க நோயாளர் யார் என்பதே இப்பேச்சின் உயிர்நிலை. இங்கும் கவ்வாத்து ஒரு பாடம் சொல்லித் தருகின்றது. எல்லாச் செடியும் கவ்வாத்தைத் தாங்காது. வேரிலே மாப்பொருள் சேமிப்பு உண்டா என்பதை, வேரை வெட்டி அயடீன் கரைசல் தடவிப் பார்க்கும் வழக்கம் தோட்டத்தில் உண்டு. நீல நிறம் தோன்றாவிட்டால், செடியைச் சில காலம் ஓய்வாக விட்ட பின்பே வெட்டுவர். அன்றேல் செடி பட்டுவிடும். அது போலவே, இளவயதினராய், நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆனவராய், தாக்குதல் வந்து வந்து தணியும் வகையினராய், காந்தப் படத்திலே புதிய அழற்சி தெரிபவராய், வலிய மருந்துக்கும் நோய் அடங்காதவராய், இன்னும் நடக்கக் கூடியவராய் இருப்பவருக்கே இச்சிகிச்சை பயன் தருகின்றது. ஆண்டுக் கணக்காகப் படுக்கையிலே கிடப்பவருக்கு அது பயன்படுவது மிக அரிது. ஏனெனில் இது மூண்டு எரியும் தீயை அணைக்கும் முறையே ஆகும். எரிந்துபோன வீட்டை இது திரும்பக் கட்டித் தருவதில்லை. ஏற்றப்படும் குருத்தணுக்கள் குருதியைப் புதுப்பிக்கின்றன; இறந்த நரம்பை உயிர்ப்பிப்பதில்லை. சிலர் சிகிச்சைக்குப் பின் முன்னிலும் நன்றாக நடக்கின்றனர். தாக்குதல் நின்றதும் உடல் தன்னால் இயன்ற அளவு தன்னைச் சீர்ப்படுத்திக் கொள்வதே அதற்குக் காரணம்.

இதனை மனத்திற் கொண்டு, தம்பி கண்ட விளம்பரத்தை மீண்டும் நோக்குவோம். அது கடும் மருந்தைப் பற்றியோ தனியறையைப் பற்றியோ பேசுவதில்லை. கொழுப்பிலிருந்தோ தொப்புட் கொடியிலிருந்தோ எடுத்த குருத்தணுவை ஊசியால் ஏற்றி ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கின்றது. எல்லா நோய்க்கும் அதே ஊசி. எல்லா வயதினருக்கும் அதே உறுதிமொழி. மேலே கூறிய ஆராய்ச்சிகளின் பெயரை இரவல் வாங்கிக் கொண்டு, அவற்றோடு தொடர்பற்ற ஒன்றை விற்கின்றது. மச்சையிலுள்ள இடையிழையக் குருத்தணு என்னும் வேறொரு வகையை நாளத்தில் ஏற்றி, பல நாடுகள் சேர்ந்து 144 நோயாளரிடத்தே முறையாக நடத்திய பரிசோதனையின் முடிவு 2021 இல் வெளிவந்தது. மூளையில் ஏற்படும் புதிய அழற்சிகளை அது குறைக்கவில்லை. நேர்மையான ஆராய்ச்சியாளர் அம்முடிவை மறையாது வெளியிட்டனர். விளம்பரக்காரரோ அதைச் சொல்வதில்லை.

இவ்வாணிபத்தின் கொடுமைக்குச் சான்று உண்டு. 2010 ஆம் ஆண்டிலே, பிரித்தானியப் பொது மருத்துவப் பேரவை, இந்நோயாளருக்குக் குருத்தணு ஊசி ஏற்றிப் பெரும்பணம் பெற்ற வைத்தியர் ஒருவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மனிதருக்கு ஏற்றுவதற்கென ஆக்கப்படாத, ஆய்வுகூடத்துக்கு உரிய கலங்களை அவர் பயன்படுத்தியமை விசாரணையிலே வெளிப்பட்டது. கல்வியும் சட்டமும் மிகுந்த நாட்டிலேயே நோயாளர் ஏமாற்றப்பட்டனர் என்றால், மலையகத்துக் குடும்பம் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்! நம்மவர் சிகிச்சைக்காகப் பெரிதும் நாடிச் செல்லும் இந்தியாவிலே, 2017 ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டி நெறிகள் இது குறித்துத் தெளிவாகப் பேசுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட தேவைகளைத் தவிர ஏனைய எவ்வகைக் குருத்தணுப் பயன்பாடும் ஆராய்ச்சியே அன்றிச் சிகிச்சை அன்று. ஆராய்ச்சி எனின் அனுமதி பெற்று, பதிவு செய்து நடத்த வேண்டும். அதனைக் கடைப்பொருள் போல் விற்றல் ஆகாது.

ஆகவே பணத்தை எண்ணுமுன் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஏற்றப்படுவது எவ்வகைக் கலம்? அது யாருடையது? அதற்கு முன் நிர்ப்பீடனத்தை ஒடுக்கும் மருந்து கொடுக்கப்படுமா? சிகிச்சை நிலையத்திலே நரம்பியல் வைத்தியரும் குருதியியல் வைத்தியரும் இணைந்து பணியாற்றுகின்றனரா? இதே நோய்க்கு அவர்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்துள்ளனர். எத்தனை பேர் இறந்தனர்? ஆராய்ச்சி என்றால், நோயாளரிடம் ஏன் கட்டணம் கேட்கப்படுகின்றது? இக்கேள்விகளுக்கு நேர்மையான வைத்தியர் பொறுமையுடன் விடையளிப்பார். சினம் கொள்பவரிடமிருந்தும், குணமான ஒருவரின் கதையை மட்டும் சொல்பவரிடமிருந்தும் விலகிச் செல்வதே நலம்.

இக்கேள்விகளுக்கும் முன்னே நிற்பது வேறொன்று. நோய் இதுதானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். கண்ணையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமயலைற்றிஸ் ஒப்டிக்கா என்னும் பிறிதொரு நோய் ஆசிய மக்களிடையே குறிப்பிடத்தக்க அளவிலே காணப்படுகின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். ஆனால் ஒன்றுக்கு நன்மை தரும் இன்டர்ஃபெரோன் மற்றொன்றைக் கெடுத்துவிடும். 2004 இல் கண்டறியப்பட்ட பிறபொருளெதிரி ஒன்றைக் கொண்டு, குருதிப் பரிசோதனையால் அதனைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். பி 12 உயிர்ச்சத்துக் குறைவும் காலை மரக்கச் செய்யும். அதற்கு வேண்டியது மலிவான ஊசி மருந்து மட்டுமே. நோயைச் சரியாக அறியாது மருந்து தேடுவோர், பாதை தெரியாது மூடுபனியில் நடப்போரை ஒப்பர்.

நோய் உறுதியான பின்னரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலக சுகாதார அமைப்பு, தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே இந்நோய்க்குரிய மூன்று மருந்துகளை முதன்முறையாகச் சேர்த்தது. அவை கிளாட்ரிபின், கிளாட்டிரமர், ரிட்டுக்ஸிமாப் என்பன. இவற்றுள் ரிட்டுக்ஸிமாப் என்பது குருதிப் புற்றுநோய்க்கெனத் தோன்றி, பல நாடுகளில் பல நிறுவனங்களால் ஆக்கப்படும் மருந்து; ஆகையால் புதிய மருந்துகளை நோக்க விலை குறைந்தது. செல்வம் குறைந்த நாடுகளின் நோயாளரும் இந்நோய்க்கு மருந்து பெறுதல் வேண்டும் என்பதை உலகம் ஏற்றுக் கொண்டமைக்கு அப்பட்டியல் அடையாளம். இலங்கையிலே அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. பேருந்துக் கூலியும் ஒரு நாட் சம்பளமுமே தடையாக நிற்கின்றன. ஏழைக் குடும்பத்துக்கு அவையும் சிறியன அல்ல. ஆயினும் முதல் தாக்குதலிலேயே வைத்தியரை நாடுவதற்கும், மூன்றாம் தாக்குதல் வரை காத்திருப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு, நடந்து வாழ்வதற்கும் படுத்துக் கிடப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடாக முடிதல் கூடும்.

எனவே, ஒரு கண் திடீரென மங்கி, அசைக்கும்போது வலிக்குமாயின், மூக்குக் கண்ணாடி தேடிக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காலோ கையோ மரத்து, ஒரு நாளுக்கு மேலாக அது நீடித்தாலும் அவ்வாறே. தானாக நீங்கிய குறியையும் மறக்காது, எந்த மாதத்தில் எது நேர்ந்தது என்று ஒரு கொப்பியிலே குறித்து வைப்பது வைத்தியருக்குப் பேருதவியாகும். டெஸ்டே எழுதியது போன்ற நாட்குறிப்பை எழுதுவதற்கு அரச குடும்பத்திலே பிறந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கோயிலுக்குச் செல்வதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. கோயிலுக்குச் சென்ற கால்கள் வைத்தியசாலைக்கும் செல்லட்டும்.

உடப்புசல்லாவைக் குடும்பத்தை விட்ட இடத்துக்கே திரும்புவோம். தோடு இன்னும் காதிலேதான் இருக்கின்றது. தம்பி அந்த விளம்பரத்தை அக்காவின் வைத்தியரிடம் காட்டுகின்றான். வைத்தியர் சிரிக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. அந்த ஊசி வேறு, குருத்தணு மாற்றம் வேறு என்பதை விளக்குகின்றார். அக்காவுக்கு இப்பொழுது வேண்டியது ஒழுங்கான மருந்தும், ஆண்டுதோறும் காந்தப் படமும், தசைகளைக் காக்கும் உடற்பயிற்சியும் என்கின்றார். மருந்துக்கும் நோய் அடங்காவிட்டால், அப்போது குருத்தணு மாற்றத்தைப் பற்றித் தக்க நிலையத்தோடு கலந்து பேசலாம் என்றும் கூறுகின்றார். தோட்டத்திலோ அவளுக்குச் சரிவான மலையை விட்டு, நாற்றுமேடையில் நிழலான வேலை கொடுக்கலாம். அதற்கு வேண்டியது அவள் நடிக்கவில்லை என்று மேற்பார்வை செய்வோர் அறிந்து கொள்வது மட்டுமே. அடகுக்குப் போகவிருந்த தோடு, கண்டிக்குச் செல்லும் பயணங்கள் பலவற்றுக்குக் கைகொடுக்கும் சேமிப்பாக வீட்டிலேயே இருக்கட்டும்.